தண்ணீர் இறங்கினால் டவர் போவது ஏன்?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)

பேரவை மலருக்குக் கவிதை, கட்டுரை, துணுக்கு எதுவானாலும் கொடுக்கலாம் என்று வகுப்புக்கு வகுப்பு நோட்டு வந்தது. கவிதை எனக்கு வராது. துணுக்கு எழுத ஏற்கெனவே மெக்கானிக்கல் பிரிவில் பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். பாடம் மாதிரி இருந்தால் மன்னிக்கவும். நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். கணக்கைக் கண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், பத்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான்.

எங்கள் வீடு மேட்டூர் அணையின் மேற்குக் கரையில், பண்ணவாடிக்கு அப்பால் நீரோரமாக இருக்கிறது. அப்பா பரிசலில் மீன் பிடிப்பவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அடுத்து வரும் கதைக்கு வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம் பாலிடெக்னிக்கில் சேர விண்ணப்பம் போடுவதற்காகக் கொளத்தூர் போனேன். கம்ப்யூட்டர் சென்டரில் எல்லா விவரமும் ஏற்றியாகிவிட்டது. கடைசியில் ஓ.டி.பி. எண் கேட்டது. அந்த எண் போகும் போன் அப்பாவுடையது. அது வீட்டில் இருந்தது. சென்டர்காரர் போனிலிருந்து கூப்பிட்டால், "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னது. மூன்று தடவை எண் வரவழைத்தோம், மூன்றும் காலாவதி ஆனது. மறுநாள் கடைசித் தேதி. அன்றைக்கே ஊருக்குத் திரும்ப எனக்கு ஒரே ஒரு பஸ்தான் பாக்கி இருந்தது.

கடைசியில் எங்கள் ஊர் மேட்டு டீக்கடைக்குப் போன் போட்டேன். அங்கே மட்டும் மணி அடித்தது. கடைக்காரர் ஒரு பையனை ஓட விட்டார். அப்பா போனை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறியதும் மூன்று மெசேஜும் ஒன்றாக வந்து விழுந்தன. நான்காவதாக ஒன்று வரவழைத்து, அதை அப்பா ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொன்னார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். சென்டர்காரர் கடையைச் சாத்தாமல் எட்டரை மணி வரை உட்கார்ந்திருந்தார். பஸ் போய்விட்டது என்பது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் ஏன் இப்படி ஆச்சு என்று அழுதேன். அப்பா சாவகாசமாகச் சொன்னார்: "தண்ணி எறங்குனா நம்ம ஊட்ல போன் போயிருங்கண்ணு. இன்னும் எறங்குனா வந்துரும். மறுபடி போயிரும். இதுக்குப் போயி அழுவாங்களா?"

தண்ணீருக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கு நான் அதை நம்பவில்லை. இரண்டரை வருஷம் கழித்து வகுப்பில் சார் போர்டில் ஒரு படம் போட்டார். ஒரு கோபுரம், ஒரு வீடு, இரண்டுக்கும் இடையே நேராக ஒரு கோடு, தரையில் பட்டுத் திரும்பி வரும் இன்னொரு கோடு. எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு பாதை, ஒரு அலை

எங்கள் வீட்டுக்கு சிக்னல் தரும் டவர் நீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதிலிருந்து வரும் ரேடியோ அலை எங்களுக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று நேராக, மற்றொன்று தண்ணீரில் பட்டுத் தெறித்து. கண்ணாடியில் வெயில் பட்டுச் சுவரில் அடிக்குமே, அதே மாதிரி. அலை மிகத் தாழ்வான கோணத்தில் தண்ணீரைத் தொடும்போது கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிடும், ஆனால் தலைகீழாகத் திரும்பும். அதாவது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிடும்.

இரண்டு அலையும் ஆன்டெனாவில் வந்து சேர்கின்றன. மேடும் மேடும் சேர்ந்தால் சிக்னல் இரட்டிப்பாகும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எது நடக்கும் என்பது இரண்டு பாதைகளின் நீள வித்தியாசத்தைப் பொறுத்தது. அந்த வித்தியாசத்துக்குச் சுருக்கமான வழி இருக்கிறது: டவரின் உயரத்தையும் நம் ஆன்டெனாவின் உயரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். உயரம் இரண்டும் தண்ணீர் மட்டத்திலிருந்து அளக்கப்பட வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் டவரும் வளர்கிறது, வீடும் வளர்கிறது!

கண்ணளவில் சில எண்களைப் போடுகிறேன். தூரம் 3000 மீட்டர். அணை நிறைந்து 120 அடியில் இருக்கும்போது டவரின் தலை நீர்மட்டத்திலிருந்து 50 மீட்டர், எங்கள் வீட்டு ஜன்னல் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதை வித்தியாசம் 2 × 50 × 6 ÷ 3000, அதாவது 0.20 மீட்டர். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.33 மீட்டர். இதன்படி இரண்டு அலையும் ஏறக்குறைய ஒத்துச் சேர்கின்றன. நேர் அலை மட்டும் வந்தால் கிடைப்பதைப் போல் 1.9 மடங்கு கிடைக்கும்.

இப்போது தண்ணீர் பத்தடி, அதாவது சுமார் 3 மீட்டர் இறங்குகிறது. உயரங்கள் 53, 9 ஆகின்றன. வித்தியாசம் 0.318 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு அலைநீளம். முழு அலைநீளம் என்றால் ஒத்துச் சேர வேண்டுமே என்று கேட்பீர்கள். தண்ணீர் அதைத் தலைகீழாக்கி அனுப்புகிறது என்பதை மறக்கக் கூடாது. ஆகவே அடித்துக்கொள்கின்றன. மிச்சம் 0.29 மடங்கு. திறனில் சொன்னால் முன்னைவிட நாற்பதில் ஒரு பங்குதான். இன்னும் ஏழடி இறங்கினால் உயரங்கள் சுமாராக 55, 11. வித்தியாசம் 0.40. மறுபடி 1.2 மடங்கு கிடைக்கும். "இன்னும் எறங்குனா வந்துரும்" என்றாரே, அது இதுதான்! மூன்றாம் வகுப்போடு நின்ற மனுஷர், நாற்பது வருஷம் தண்ணீரைப் பார்த்துச் சொன்னது.

மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. தஞ்சாவூர்க்காரர்கள் பயிருக்காக அதைப் பார்ப்பார்கள். நான் சென்ற ஆண்டு ஜனவரி முதல் மே வரை அதை வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே போன் காட்டும் சிக்னல் அளவையும் எழுதினேன். கணக்கும் நிஜமும் சரியாகப் பொருந்தவில்லை. பள்ளம் நான் சொன்ன மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி தள்ளி வந்தது. டவர் உயரத்தைக் கண்ணளவில் போட்டால் வேறென்ன ஆகும்? காற்றடித்து அலை எழும்பிய நாட்களில் நோட்டு முழுக்கக் குழப்பம், கரடுமுரடான கண்ணாடி சரியாகக் காட்டாது அல்லவா. ஆனால் போவதும் வருவதும் நிஜம்.

பரிசலில் இருக்கும்போது போன் எடுக்காததற்கும் காரணம் இதுவே. தண்ணீருக்கு ஒரு மீட்டர் மேலே போனை வைத்தால் பாதை வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, நேர் அலையும் தலைகீழ் அலையும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. எழுந்து நின்று கையைத் தூக்கினால் உயரம் இரண்டு மடங்கு, சிக்னலும் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் பரிசலில் யாரும் எழுந்து நிற்காதீர்கள். இதை இயற்பியலாகச் சொல்லவில்லை.

இப்படி அலை தானே தன்னைத் தின்பதைப் பாடத்தில் ஃபேடிங் என்கிறோம். எங்கள் ஊரில் தெறிக்கும் பாதை ஒன்றுதான். டவுனில் சுவர், பஸ், தண்ணீர்த் தொட்டி என்று நூறு பாதைகள். அங்கே ஒரு சாண் நகர்ந்தால் கூட சிக்னல் மாறும். பேசிக்கொண்டே நடப்பவர்கள் "ஹலோ ஹலோ" என்று கத்துவதற்குப் பாதிக் காரணம் இதுவே. மீதிப் பாதி, அந்த டவரை அவர்களோடு சேர்ந்து எத்தனையோ பேர் பங்கு போடுவது.

முறைத் தண்ணீர்

என் அம்மா பிறந்த ஊர் அணையின் கிழக்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. கிழக்கு மேற்கு இரண்டு கால்வாய்களும் சேர்ந்து சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. மாமா வீட்டுக்குப் போனால் தண்ணீர் முறை வந்த ராத்திரி யாரும் தூங்குவதில்லை. நம்ம முறை முடிந்தால் மடையை அடைத்துவிட வேண்டும், அடுத்தவன் மண்வெட்டியோடு காத்திருப்பான்.

டவரும் அப்படித்தான். அரசாங்கம் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும் அலைவரிசை ஒரு கால்வாய் அகலம்தான். அதை எத்தனை பேருக்கு, எப்படிப் பிரிப்பது என்பதுதான் எங்கள் துறையின் பெரிய தலைவலி.

முதல் வழி, கால்வாயைச் சின்னச் சின்ன வாய்க்காலாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பது. ரேடியோ நிலையங்கள் ஆளுக்கொரு அலைவரிசை வைத்திருப்பது இவ்வகை. இரண்டாவது வழி முறை வைப்பது. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு பேச, மத்திய அமைச்சர் சுக்ராம் எடுத்தார். அந்த ஜி.எஸ்.எம். முறை இரண்டு வழியையும் கலந்தது. 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 124 வாய்க்கால்கள். ஒவ்வொரு வாய்க்காலிலும் எட்டுப் பேருக்கு முறை. ஒருவர் முறை எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றில் பாதியைவிடச் சற்று அதிகம். எட்டு முறையும் முடிய 4.615 மில்லி விநாடி. நம் குரல் துண்டு துண்டாகப் போய் ஒட்டிக்கொள்வது நமக்குத் தெரிவதே இல்லை.

முறையில் ஒரு சிக்கல் உண்டு. தொலைவில் இருப்பவன் அனுப்பிய துண்டு தாமதமாக வந்து அடுத்தவன் முறையில் விழுந்துவிடும். மாமா ஊரில் இதற்கு வெட்டுக்குத்து நடக்கும். ஜி.எஸ்.எம்.-இல் டவர் ஒவ்வொரு போனுக்கும் "நீ இவ்வளவு முன்னாடியே அனுப்பு" என்று கட்டளை தருகிறது. 0 முதல் 63 வரை படிகள், ஒரு படிக்கு ஏறத்தாழ 550 மீட்டர். அதனால்தான் சாதாரணமாக 35 கிலோமீட்டருக்கு மேல் அந்த டவர் எட்டாது, சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் சரி. வாய்வா தேர்வில் இந்தக் கேள்வி வரலாம், குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து டவருக்கும் அதே வாய்க்காலைக் கொடுத்தால் இரண்டும் மோதும். ஆகையால் தள்ளித் தள்ளித்தான் திரும்பப் பயன்படுத்துவார்கள். நிலத்தில் மலையும் மரமும் வீடும் குறுக்கே நின்று சிக்னலைத் தடுத்து உதவும். தண்ணீர்மேல் தடுக்க எதுவும் இல்லை. எங்கள் ஊரில் சில ராத்திரி போன் அக்கரை நாகமறைப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். அது தர்மபுரி மாவட்டம். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே மாவட்டம் தாண்டுகிறோம் என்று ஆயா சிரிக்கும்.

மூன்றாவது வழி சி.டி.எம்.ஏ. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசுவார்கள், ஆளுக்கொரு ரகசியக் குறியீட்டில். கொளத்தூர்ச் சந்தையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒன்றாக ஒலிக்கும். நம் காது நம் பாஷையைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரைச்சலாக ஒதுக்கிவிடும், அது மாதிரி. ஆனால் ஒருவன் பக்கத்தில் நின்று கத்தினால் எந்தப் பாஷையும் கேட்காது. அதனால் டவர் ஒவ்வொரு போனையும் "குரலை ஏற்று, குரலை இறக்கு" என்று விநாடிக்கு 800 தடவை கட்டுப்படுத்தியது. 2003 வாக்கில் நம் நாட்டில் மலிவு விலைப் போன்களாக வந்து ஊரெல்லாம் பரவிய இந்த முறை இப்போது இங்கு இல்லை.

மூங்கில் கம்பமும் நான்கு பிள்ளைகளும்

2020-இல் பள்ளிக்கூடம் மூடியபோது நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் தெருவில் நான்கு பிள்ளைகளுக்கு இன்டர்நெட் வரும் போன் ஒன்றுதான் இருந்தது. மற்றவை சிம் இல்லாத பழைய போன்கள். அப்பா ஒரு மூங்கில் கம்பம் நட்டு, வலைக்கயிறு போட்டு, அந்தப் போனைப் பாலித்தீன் பையில் கட்டி மேலே ஏற்றினார். கொடி ஏற்றுவது மாதிரி தினமும் காலையில் ஏற்றுவோம். கீழே நாங்கள் நாலு பேரும் அதன் வைஃபையைப் பிடித்துப் பாடம் பார்ப்போம்.

அங்கே யாரும் முறை வைக்கவில்லை. வைஃபையில் ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் பேசும். இரண்டு பேர் ஒரே சமயம் தொடங்கி மோதிவிட்டால், ஆளுக்கு ஏதோ ஒரு நேரம் குருட்டாம்போக்கில் காத்திருந்து மறுபடி முயலும். இந்த யோசனைக்கு மூதாதை ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. அங்கே பல்கலைக்கழகக் கிளைகள் தீவு தீவாகக் கடலுக்கு இடையே இருந்தன. 1971-இல் நார்மன் ஆபிரம்சன் குழுவினர் அவற்றை ரேடியோவால் இணைத்தார்கள், பெயர் அலோஹா. அதில் காது கொடுப்பதுகூடக் கிடையாது. தோன்றியபோது அனுப்பு, பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு, அவ்வளவே. அப்படிச் செய்தால் சேனலில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். நேரத்தைக் கட்டம் கட்டி, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் அனுப்பு என்று ஒரே ஒரு விதி சேர்த்தால் அது 37 ஆகிவிடும். ஒழுங்குக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்!

எங்கள் நால்வரில் ஒருத்தி பாறைக்கு அந்தப் பக்கம் நிழலில் உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் எல்லாருக்கும் பாடம் நின்று நின்று வரும். ராசி இல்லாதவள் என்று அவளை விரட்டிவிட்டோம். இப்போதுதான் காரணம் தெரிகிறது. பாறை மறைப்பதால் எங்கள் கருவிகளுக்கு அவளுடையது கேட்காது, அவளுடையதுக்கு எங்களது கேட்காது. ஆனால் கம்பத்தின்மேல் இருக்கும் போனுக்கு இரண்டும் கேட்கும். காலியாக இருக்கிறது என்று நினைத்து இரு தரப்பும் பேசி, மேலே மோதிக்கொண்டன. இதற்கு மறைந்த நிலையம் என்று பாடத்தில் ஒரு தலைப்பே இருக்கிறது. அவள் இப்போது திருப்பூரில் வேலையில் இருக்கிறாள். போனமுறை ஊருக்கு வந்தபோது படம் போட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

கம்பம் நட்டது எங்கள் அப்பா மட்டுமல்ல. 1990-களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலானோரின் டெநெட் குழு, மைடாஸ் கம்பெனியோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற கிராமத் தொலைபேசி முறையை உருவாக்கியது. கம்பி இழுக்கும் செலவு இல்லாமல் கிராமத்துக்குப் போன் தர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். வீட்டுக்கூரை மேல் ஒரு கம்பம், அதில் ஆன்டெனா, தடையில்லாத நேர் பார்வை இருந்தால் பத்துக் கிலோமீட்டர் வரை போகும். பத்து அலைவரிசை, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு முறை, ஆக 120 சேனல். எனக்கு அதில் பிடித்தது வேறு. எந்த டவருக்கு எந்தச் சேனல் என்று யாரும் முன்கூட்டியே பிரித்துத் தர வேண்டியதில்லை. கருவியே 120-ஐயும் காது கொடுத்துப் பார்த்து, இரைச்சல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். பேச்சின் நடுவே அது கெட்டுவிட்டால் வேறு சேனலுக்குத் தாவும். 2001-க்குப் பிறகு மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இதைக் கொண்டு இன்டர்நெட் மையங்கள் நடத்தினார்கள். பிறகு செல்போன் மலிந்து இவை மறைந்தன. நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

கடைமடைக்காரர் கதை

இப்போது நாம் பயன்படுத்தும் 4ஜி-யில் முறை வைப்பது வேறு மாதிரி. ஒவ்வொரு மில்லி விநாடியும் டவர் புதிதாக முடிவெடுக்கிறது: இந்தக் கணம் யாருக்குக் கொடுப்பது? நம் போன் தன் சிக்னல் எப்படி இருக்கிறது என்று அடிக்கடி டவருக்கு எழுதிப்போட்டுக்கொண்டே இருக்கும். ஃபேடிங்கால் ஒருவருக்கு மேடு வரும்போது இன்னொருவருக்குப் பள்ளமாக இருக்கும். ஆகவே மேட்டில் இருப்பவனுக்கே கொடுத்தால் மொத்த விளைச்சல் அதிகம். பழைய காலத்தில் எதிரி என்று நினைத்த ஃபேடிங்கை இப்படிக் கூட்டாளியாக்கினார்கள்.

ஆனால் இதில் அநியாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. டவருக்குப் பக்கத்தில் இருப்பவன் எப்போதும் மேட்டில்தான் இருப்பான். எல்லாம் அவனுக்கே போனால் எங்களைப் போன்ற கடைமடைக்காரர் கதி என்ன? தலைமடையில் நெல் விளைய, கடைமடையில் வரப்பு வெடித்துக் கிடந்த கதை மாமா ஊரில் நிறைய உண்டு. சரிசமமாக நேரம் கொடு என்றால், பள்ளத்தில் இருப்பவனுக்குக் கொடுத்த நேரம் வீணாகும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. அடுத்தவனோடு ஒப்பிடாதே, அவனவனை அவனவனுடைய வழக்கத்தோடு ஒப்பிடு. டவர் அருகில் இருப்பவருக்கு இதுவரை சராசரியாகக் கிடைத்தது 5 மெகாபிட், இப்போது முடிந்தது 4 என்றால் விகிதம் 0.8. எனக்கு இதுவரை கிடைத்த சராசரி 1, இந்தக் கணத்தில் முடிவது 2 என்றால் விகிதம் 2. அவர் என்னைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இருந்தும், இந்த முறை எனக்கே! எனக்குக் கிடைக்கக் கிடைக்க என் சராசரி ஏறி விகிதம் இறங்கும், அவருக்கு முறை வரும். விகிதாசார நியாயம் என்று இதற்குப் பெயர். காவிரியை இப்படிப் பங்கிட முடியுமா என்று சாரிடம் கேட்டேன். "அதுல பரீட்சைக்குக் கேள்வி வராதும்மா" என்றார்.

என்ன செய்தாலும் டவரில் இருப்பதைத்தானே பங்கிட முடியும். எங்கள் பக்கம் ஒரு டவர் போட்டால் இத்தனை நியாயமும் தேவைப்படாது. ஊரார் மனு கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஏற்காட்டில் படித்தவர்

கடைசியாக ஒருவர். நம் ஊரிலிருந்து கிழக்கே ஏற்காடு மலையில் உள்ள மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்து, தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படையில் சேர்ந்தார். 1971 போரில் குக்ரி கப்பலை எதிரி நீர்மூழ்கி மூழ்கடித்த பிறகு, தண்ணீருக்கடியில் ஒலியால் கப்பலைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கும் குழுவை நடத்தினார். கடலுக்குள் ஒலியும் எங்கள் வீட்டு சிக்னல் மாதிரி மேலே கீழே பட்டுத் தெறித்துத்தான் வரும். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு போனவர், அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பலாம் என்ற யோசனைக்கு 1992-இல் விண்ணப்பித்துக் காப்புரிமை பெற்றார். மைமோ என்பது அதுவே. இன்றைய வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் இருக்கிறது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

இதைப் புரிந்துகொள்ள முதல் செமஸ்டர் டிடெர்மினன்ட் போதும். இரண்டு ஆன்டெனாக்கள் இரண்டு எண்களை, முதலாவதையும் இரண்டாவதையும், ஒரே சமயம் அனுப்புகின்றன. நம் முதல் ஆன்டெனாவில், முதலாவது மூன்று பங்கும் இரண்டாவது இரண்டு பங்கும் கலந்து 12 வருகிறது. மற்ற ஆன்டெனாவில் முதலாவது ஒரு பங்கும் இரண்டாவது நான்கு பங்கும் கலந்து 14 வருகிறது. டிடெர்மினன்ட் 12 கழித்தல் 2, அதாவது 10. தீர்த்தால் முதலாவது 2, இரண்டாவது 3. கலந்து வந்தது பிரிந்துவிட்டது! ஆனால் இரண்டாவது ஆன்டெனாவிலும் அதே கலவை, ஆறு பங்கும் நான்கு பங்குமாக 24 என்று வந்தால்? டிடெர்மினன்ட் பூஜ்யம். ஒரே சமன்பாட்டை இரண்டு தடவை எழுதின மாதிரி, ஒரே ஒரு தீர்வு என்று கிடையாது. கலவைகள் வேறுவேறாக இருக்க வேண்டுமானால் அலை பல இடத்தில் பட்டுத் தெறித்து வர வேண்டும். எது சிக்னலைக் கெடுக்கிறது என்று ஐம்பது வருஷம் திட்டினார்களோ, அந்தத் தெறிப்பே இங்கே மூலதனம். முதல் செமஸ்டரில் இந்தக் கணக்கில் நான் அரியர் வைத்தேன். அன்றே யாராவது இது எதற்கு உதவும் என்று சொல்லியிருக்கலாம்.

எங்கள் வெட்டவெளித் தண்ணீரில் தெறிப்பு ஒன்றே ஒன்று என்பதால் மைமோவால் பெரிய லாபம் இல்லை. எங்களுக்கு உதவுவது உயரம்தான். மேலே சொன்ன கணக்கில் தண்ணீர் பத்தடி இறங்கி 0.29-இல் கிடக்கும்போது, ஆன்டெனாவை இரண்டு மீட்டர் தூக்கினால் 1.0 ஆகிறது. திறனில் பன்னிரண்டு மடங்கு. வேறு அலைவரிசைக்கு மாறினாலும் தப்பிக்கலாம். அதே இடத்தில் 900 பள்ளத்தில் இருக்கும்போது 2100 மெகாஹெர்ட்ஸ் 1.3 மடங்கில் இருக்கும். ஆனால் எந்த அலைவரிசை என்பதை டவர்தான் முடிவு செய்கிறது. கம்பம் நம் கையில் இருக்கிறது.

பொங்கல் லீவில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். பாதி கேட்டார், பாதி வலை பின்னினார். "அப்ப மேல போனாலும் எப்பவும் நல்லதில்ல, தண்ணிக்குத் தக்கன ஏத்தி எறக்கோணும், அப்படித்தான?" என்றார். அப்படித்தான். கம்பத்தில் அரிவாளால் இரண்டு வெட்டு போட்டார். அணை நிறைந்திருந்தால் கீழ் வெட்டில் கயிற்றைக் கட்ட வேண்டும், பத்தடி இறங்கினால் மேல் வெட்டில். மூன்றாவது வெட்டு எங்கே போடுவது என்று போனவாரம் போனில் கேட்டார். தண்ணீர் நூற்றிரண்டுக்கு வரட்டும், அளந்து சொல்கிறேன் என்றேன்.